இடது முன்சக்கரம்

காலை ஒன்பது மணிக்கு, சாயம் போன ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் கார் கொட்டகையின் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். ஒன்பதிலிருந்து ஒன்பது இருபது வரை வலது முன்சக்கரத்தைக் கழற்றுதல். ஒன்பது இருபதிலிருந்து பத்து வரை பழைய பிரேக் பேடுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துதல். பத்திலிருந்து பத்தேகால் வரை தேநீர். அதன்பின் இடது சக்கரம், அதே கணக்கு. பதினொன்றரைக்குத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தல். பன்னிரண்டுக்குக் குளியல்.

ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபது வருடமாகக் கால அட்டவணை போடுகிறவர் அவர். நாற்பது ஆசிரியர்களையும் பதினெட்டு அறைகளையும் ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே தாளில் உட்கார வைப்பதுதான் அவருடைய வேலை. மனைவியின் வீட்டில் அவருக்கு அட்டவணைக்காரர் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அது முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

அன்று மூன்று மணிக்கு அவர் மனைவிக்கு ஓட்டுநர் தேர்வு. இரண்டரைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அவள் மருத்துவமனையில் தாதி. பதினான்கு வருடம் இரவும் பகலுமாக வார்டில் நின்று முழங்கால் தேய்ந்துபோனபின், நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. பகல் வேலை, ஞாயிறு விடுமுறை. ஒரே நிபந்தனை, சொந்தமாகக் கார் ஓட்டத் தெரிய வேண்டும். உரிமத்தின் நகலைத் திங்கட்கிழமை காலைக்குள் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். இன்று வெள்ளி.

முதல் தேர்வில் பின்பக்கமாக நிறுத்தும்போது கம்பத்தில் இடித்துவிட்டாள். அது அவள் தப்பு, அவளே ஒப்புக்கொண்டாள். இரண்டாம் முறை பத்து மீட்டர்கூடப் போகவில்லை. பிரேக்கில் கால் வைத்ததும் கார் கீச்சென்று அலறியது. தேர்வு அதிகாரி கதவைத் திறந்து இறங்கி, ‘பிரேக் சரியில்லை, சரிசெய்து கொண்டுவரவும்’ என்று தாளில் எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரமும் அவர் “நாளைக்குப் பாத்துடறேன்” என்றே சொல்லிவந்தார்.

பார்ப்பதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி அவளுடைய தம்பி மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். சிக்கலே அங்கேதான். இரண்டு மாதத்துக்கு முன், கார் கிளம்பவில்லை என்று அவர் அவனுக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பியிருந்தார். சாவியைத் திருப்பும்போது வரும் சத்தம், வராத சத்தம், முந்தின வாரத்து வானிலை உட்பட எல்லாம் வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். மச்சினன் வந்து பார்த்தான். பெட்ரோல் இல்லை. அந்த வாரமே ஒரு வீட்டு விருந்தில், இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், அவன் அந்தச் செய்தியை முதலிலிருந்து கடைசிவரை செய்தி வாசிப்பவன் குரலில் படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை அவர் மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த ஷெட் வாசலை மிதிக்கவில்லை. பேடுகளைக் கடையில் வாங்கி, ஏழு வீடியோ பார்த்து, குறிப்பெடுத்து, ஒரு நாள் விடுப்பும் போட்டிருந்தார்.

முதல் தப்பு ஒன்பது ஐந்துக்கே நடந்தது. காரை ஜாக்கியில் தூக்கிவிட்டு அதன்பிறகு சக்கரத்தின் நட்டைத் திருகப் போனார். நட்டு அசையவில்லை, சக்கரம் சுற்றியது. தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்று ஏழு வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். அதை அவர் குறிப்பிலும் எழுதியிருந்தார். திரும்ப இறக்கி, தளர்த்தி, திரும்ப ஏற்றினார். ஒன்பது நாற்பது.

சக்கரம் வந்தது. உள்ளே தட்டு போன்ற டிஸ்க், அதைக் கவ்விக்கொண்டிருக்கும் இரும்புப் பிடி, பிடிக்குள் இரு பக்கமும் இரண்டு பேடுகள். பிடியை இரண்டு போல்ட் தாங்கின. மேல் போல்ட் ஒழுங்காக வந்தது. கீழ் போல்ட் வரவில்லை. ஸ்பேனரைக் கையால் அழுத்தினார், காலால் மிதித்தார், மேலே ஏறியே நின்றார். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி நான்கும் இரும்பில் உரசின. அவர் வாய்விட்டுத் திட்டுகிறவர் அல்ல. போல்ட்டைப் பார்த்து மெதுவாக, “உனக்கு என்னதான் வேணும்?” என்று கேட்டார்.

வீட்டின் பின் அறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. மாமியார் எட்டிப் பார்த்தாள். தாதிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள். எழுபது வயதிலும் ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி கேட்க மாட்டாள்.

“யார்கிட்ட பேசறீங்க மாப்ள?”

“யாருமில்ல அத்தை.”

“தம்பிய ஒரு வார்த்தை கூப்பிட்டா...”

“வேணாம் அத்தை.”

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

போல்ட் பத்தரைக்கு வந்தது. பேடை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய கிளாம்ப் அளவு போதாமல், அரை மணி நேரம் மரக்கட்டை தேடினார். வலது பக்கம் முடிந்தபோது மணி பதினொன்று ஐம்பது. ஆனால் முடிந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்தார். பேடு லேசாக உரசும் அந்தச் சன்னச் சத்தம், வீடியோவில் கேட்ட அதே சத்தம். அந்த ஒரு நிமிடம் அவர் மனதுக்கு நன்றாக இருந்தது.

இடது பக்கம் அதைவிட வேகமாகப் போனது. சக்கரத்தையும் பிடியையும் கழற்றி, புதிய பேடுகள் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்துச் செய்தித்தாளில் வைத்திருந்தார். அப்போதுதான் விரல் முட்டியிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை வடிந்திருப்பது கண்ணில் பட்டது. உள்ளே போனார்.

மனைவி சமையலறை மேஜையில் அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பஞ்சால் துடைத்தாள். வார்டில் துடைக்கிற மாதிரி துடைத்தாள். கையைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

“மணி பன்னெண்டே கால்.”

“இன்னும் ஒரு பக்கந்தான்.”

“மூணு வாரம் இருந்துச்சு உங்களுக்கு.”

“காலேஜ்ல செமஸ்டர் அட்டவணை...”

“தம்பிகிட்ட விட்டிருந்தா ஒரு மணி நேரம். நான் கொண்டுபோய் விடறேன்னு சொன்னேன். அதுக்கும் வேணாம்னுட்டீங்க.” பிளாஸ்திரியைக் கடித்துக் கிழித்தாள். “ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. நான் பாஸாகக் கூடாதுன்னு இருக்கா உங்களுக்கு?”

“என்ன பேச்சு இது?”

“பேச்சு இல்ல. கேள்வி.”

அவருக்குக் கோபம் வந்தது. கொடியில் காயப்போட்டிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு, “காலையிலேர்ந்து தரையில படுத்துப் புரண்டுக்கிட்டு இருக்கேன்” என்றார்.

“அதைத்தான் நானும் பாக்கறேன்” என்றாள். காயத்தில் அழுக்குப் படக்கூடாது என்று இரண்டு ரப்பர் கையுறைகளை எடுத்து, குழந்தைக்கு மாட்டுவது போல மாட்டிவிட்டாள்.

திரும்பி வந்தபோது மாமியார் கொட்டகையிலிருந்து போய்க்கொண்டிருந்தாள். அவர் அதைக் கவனித்தார், ஆனால் யோசிக்கவில்லை. பேடுகள் கறுப்பாக, லேசான மினுமினுப்போடு செய்தித்தாளில் கிடந்தன. புதிய பொருளுக்கு ஒரு மினுமினுப்பு இருக்கும்தானே. வலது பக்கத்துப் பேடுகள் அப்படி மினுங்கினவா என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. கையுறைக்குள்ளிருந்து விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. பொருத்தினார், முறுக்கினார், சக்கரத்தை மாட்டினார், இறக்கினார். வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை இருபது தடவை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும் என்பது மறக்கவில்லை. எண்ணிக்கொண்டு மிதித்தார். கடைசியில் கல் மாதிரி நின்றது.

ஒன்று பத்துக்குத் தெருவில் எடுத்தார். சத்தமில்லை. ஆளில்லாத நேர்த்தெருவில் கொஞ்சம் வேகம் கூட்டி, பிரேக்கை அழுத்தினார்.

கார் வலது பக்கம் பாய்ந்தது. யாரோ ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. எதிர்வீட்டுச் சுவரோரம் இருந்த குப்பைத்தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மறுபடி முயன்றார், மெதுவாக. மறுபடியும் வலது பக்கமே இழுத்தது. இடது பக்கத்திலிருந்து வாணலியில் எதையோ மறந்து வைத்துவிட்ட மாதிரி ஒரு கருகல் வாடை. நடக்கிற வேகத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வாசலில் மனைவி சீருடை போல இஸ்திரி போட்ட சட்டையில், தேர்வுக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இடது சக்கரத்தை மறுபடி கழற்றினார். இந்த முறை கையுறை போடவில்லை. பேடைத் தொட்ட விரல் வழுக்கியது. மூக்கில் வைத்துப் பார்த்தார். அந்த வாசனை அவருக்குத் தெரியும். இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கதவுக் கீல், மின்விசிறி, குளியலறைத் தாழ்ப்பாள், கத்தரிக்கோல், கீச்சென்று சத்தம் போடுவது எதுவானாலும், மாமியார் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் போவாள். யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் ஒரு கதவு இரண்டாவது நாள் சத்தம் போட்டதே கிடையாது.

“அத்தை,” என்று கூப்பிட்டார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “இதுல எண்ணெய் போட்டீங்களா?”

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “போட்டேனே. சத்தம் நின்னுடுச்சா?”

அவர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த எல்லாம், போல்ட்டுக்குச் சொல்லாதது, மனைவிக்குச் சொல்லாதது, தொண்டைவரை வந்தது. மாமியாரின் முகத்தில், பரிமாறிவிட்டு உப்பு சரியா என்று கேட்பவளின் முகபாவம். அவர் எழுந்து, கொட்டகையின் பின்சுவர் வரை நடந்து போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, திரும்பி வந்தார்.

மணி ஒன்று நாற்பது. பேடு வாங்கிய கடை மதியம் மூடினால் மூன்றுக்குத்தான் திறக்கும். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம். கைபேசி மடியில்தான் இருந்தது. கூப்பிடவில்லை.

அவர் தன் கைபேசியை எடுத்தார்.

“மச்சான்.”

“யாருங்க?”

“நான்தான்.”

“எந்த நான்தான்?”

“விளையாட நேரமில்ல. உங்க அக்காவுக்கு மூணு மணிக்கு டெஸ்ட். பேட் மாத்தினேன். எண்ணெய் பட்டிருச்சு. வண்டி ஒரு பக்கமா இழுக்குது.”

“எங்க ஷெட்டுக்கு வழி தெரியும்ல உங்களுக்கு? சரி விடுங்க, நானே வரேன். எதையும் தொடாதீங்க மாமா. தயவுசெஞ்சு ஒண்ணையும் தொடாதீங்க.”

பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தான். பின்னால் ஒரு கருவிப் பெட்டி, பையில் புதிய பேடுகள் ஒரு செட்டு, ஒரு டப்பா கிளீனர். குனிந்து இடது பேடைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு தயாராக இருந்தது.

“பிரேக் பேட்ல எண்ணெய் விடறது எந்த வீடியோ மாமா? எனக்கும் அனுப்புங்க. பசங்களுக்குக் காட்டணும்.”

மாமியார் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அட்டவணைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. “கை தவறிருச்சு,” என்றார். சொன்ன பிறகுதான், அடுத்த விருந்தில் இது எந்தக் குரலில் படிக்கப்படும் என்று தோன்றியது.

“இவர் எங்க போட்டாரு?” என்றாள் மாமியார். “நான்தானேடா போட்டேன். ஒண்ணொண்ணுலயும் நாலு நாலு சொட்டு. அந்த வட்டத் தட்டுலயும் கொஞ்சம் தடவினேன். மாப்ள எதுக்கு பொய் சொல்றீங்க?”

மச்சினனின் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு தரையில் உட்கார்ந்து டிஸ்க்கில் கிளீனரைப் பீய்ச்சித் துடைக்க ஆரம்பித்தான். அவனுக்கு அம்மாவைக் கிண்டல் செய்ய வராது என்பதை அட்டவணைக்காரர் அப்போது கண்டார். இதே தப்பைத் தான் செய்திருந்தால் கிண்டல் பத்து வருடம் ஓடியிருக்கும். வீட்டின் நியாயம் அப்படி இருந்தது.

இடது பக்கம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அவன் எழுந்து வலது பக்கம் போய் ஜாக்கியை வைத்தான்.

“அது நல்லாத்தான் இருக்கு,” என்றார் அவர்.

“பாத்தேன் மாமா. சுத்தமா மாட்டிருக்கீங்க. பிசிறே இல்ல.” சொல்லிக்கொண்டே நட்டைத் தளர்த்தினான். “ஆனா ரெண்டு பக்கமும் ஒரே செட்டா இருக்கணும். ஒரு பக்கம் ஒண்ணு, இன்னொரு பக்கம் வேறன்னா சமமாப் பிடிக்காது.”

அவர் இரண்டே முக்கால் மணி நேரம் போராடி மாட்டிய பேடுகள் எட்டு நிமிடத்தில் வெளியே வந்தன. மேல் போல்ட், கீழ் போல்ட், இரண்டும் அவன் கைபட்டதும் வந்தன. எந்தக் குறையும் இல்லாத அந்த இரண்டு பேடுகளையும் அவன் அவர் கையில் கொடுத்தான். இன்னும் லேசாகச் சூடிருந்தது.

இரண்டேகாலுக்கு எல்லாம் தயார். அட்டவணைக்காரர் உள்ளே ஓடிப் போய் முகம் கழுவி, நல்ல சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். உரிமம் இல்லாதவள் ஓட்டும்போது உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் கதவைத் திறக்கப் போனார்.

“நீங்க வேணாம்,” என்றாள் மனைவி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து. “தம்பி வரட்டும்.”

“ஏன்?”

“நீங்க பக்கத்துல இருந்தா நான் பிரேக் மிதிக்கறதுக்கு முன்னாடி உங்க கால் மிதிக்குது. அங்க பிரேக் இல்லன்னாலும் மிதிக்கறீங்க. அதைப் பாத்தாலே நானும் தப்பா மிதிச்சுடறேன்.”

“நான் எப்ப அப்படி...”

“ஒவ்வொரு தடவையும்.”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு அவரைச் சுற்றிப் போய் ஏறினான். “வழியில நாலு தடவை நல்லா மிதிச்சுக் குடு அக்கா, புது பேட் பழகிக்கும்,” என்று சொல்வது கேட்டது. கார் சத்தமில்லாமல் தெருமுனையில் திரும்பியது.

அவர் கொட்டகையைப் பெருக்கினார். கிழிந்த பேப்பரையும் எண்ணெய்த் துணியையும் ஒரு பையில் அடைத்தார். நல்ல சட்டையோடுதான் செய்தார். மாமியார் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து படியில் வைத்தாள். அவர் தொடவில்லை.

“நான் போட்டது தப்பா மாப்ள?”

“பிரேக்னா பிடிக்கணும் அத்தை. எண்ணெய் போட்டா வழுக்கும். அவ அதை ஓட்டிட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?”

அவள் முகம் சிறுத்துவிட்டது. “சத்தம் வந்தா எண்ணெய் போடணும்னுதான் எனக்குத் தெரியும்.”

“தெரியாததை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம்,” என்றாள். பிறகு, சண்டைக்கு இழுக்கும் தொனி துளியும் இல்லாமல், “நீங்க கேட்டீங்களா?” என்றாள்.

அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். சோறு ஆறியிருந்தது. பசி எவ்வளவு என்பது இரண்டாவது வாய்க்குத்தான் தெரிந்தது.

நான்கு இருபதுக்கு மாமியாரின் கைபேசி அடித்தது. அவருடையது இல்லை, மாமியாருடையது. அவள் “ம்... ம்... சரிடி” என்று கேட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கைபேசியை அவர் பக்கம் நீட்டினாள்.

“பாஸ்,” என்றாள் மனைவி.

அவருக்கு மூச்சு வந்தது. “நடுவுல திடீர்னு நிறுத்தச் சொன்னாங்களா?”

“சொன்னாரு. நின்னுச்சு.”

“எந்தப் பக்கமும் இழுக்கலையே?”

“இழுக்கல.” பின்னால் மச்சினன் யாரிடமோ டீ சொல்வது கேட்டது. “இங்கேயிருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் நகலைக் குடுத்துட்டு வந்துடறேன். திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருக்க மனசில்ல.”

“சரி. நல்லது.” இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். “ரொம்ப நல்லது.”

“திங்கட்கிழமையிலேர்ந்து வண்டி எனக்கு வேணும். ஏழரைக்கே கிளம்பிடுவேன்.”

அவர் அதை நினைத்துப் பார்த்தே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. நினைவு வரும்போதெல்லாம் அதை வேறு நாளுக்குத் தள்ளி வைத்திருந்தார். “அப்ப நான் காலேஜுக்கு?”

“பஸ்தான். தெருமுனையில ஏழு அம்பதுக்கு ஒண்ணு இருக்கு, எட்டு பத்துக்கு ஒண்ணு.”

“அதெல்லாம் எப்ப பாத்து வச்ச?”

“மூணு வாரம் ஆச்சு.”

எட்டு பத்து பஸ் கல்லூரி மணி அடிப்பதற்குள் போய்ச் சேருமா என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். போய்ச் சேராது. “ஏழு அம்பதுல உக்கார இடம் கிடைக்குமா?” என்று கேட்டார்.

“அது எனக்கு எப்படித் தெரியும்? ஏறிப் பாத்துச் சொல்லுங்க,” என்று அவள் வைத்துவிட்டாள்.